கைப்பிள்ளைக்கு அருவியா, மாந்தோப்பா?
கோடை லீவுக்குக் குழந்தையோடு ஒகேனக்கல் போகலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பெரிய பிள்ளைகள் என்றால் சரி. எங்கள் பாப்பாவுக்கு ரெண்டு வயசு. அவளோடு ஒருதரம் போய்ப் பார்த்தோம். தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை வளைவுகள் வந்ததுமே வாந்தி. பரிசல் துறையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினால் அவள் முகமே தெரியவில்லை. பரிசல்காரரே "வேண்டாம்மா" என்றுவிட்டார், நல்ல மனுஷன். மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினோம்.

இந்த வருஷம் கிருஷ்ணகிரி பக்கம் அம்மா வீட்டோடு நிறுத்திக்கொண்டோம். மாம்பழ சீசன் வேறு. பெங்களூரா ரக மாம்பழம் கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏறிவிடும், வீட்டுக்கு அல்போன்சாவும் செந்தூராவும். கொட்டையைச் சப்பிச் சப்பி முழங்கை வரை வழியவிட்டு அப்படியே திண்ணையில் தூங்கிப்போகிறாள். அப்புறம் ஒன்று: பழத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு, காம்புப் பாலைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் வாயோரம் புண்ணாகிவிடும்.