லியனார்டோ ஹெலிகாப்டரைக் கண்டுபிடிக்கவில்லை

பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகத்தில் லியனார்டோ டா வின்சி வந்தாலே, "500 ஆண்டுகளுக்கு முன்பே ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்த மேதை" என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. இந்த வரியின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. தகவல் தவறு என்பது ஒரு பக்கம். பறப்பதைப் பற்றி அந்த மனிதர் யோசித்த விதம் முழுவதையும் இந்த ஒற்றை வரி பிள்ளைகளின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மிலான் நகரில் அவர் வேலை செய்துவந்த காலத்தில், 1480களின் இறுதிவாக்கில் வரைந்தது. இப்போது பாரிஸில் இருக்கும் குறிப்பேடு ஒன்றில் உள்ளது. நடுவில் ஒரு தண்டு. அதைச் சுற்றித் திருகாணி மரைபோல வளைந்து ஏறும் பெரிய துணிப்பரப்பு. லினன் துணியின் நுண்துளைகளைக் கஞ்சி போட்டு அடைத்துவிட வேண்டும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். வேகமாகச் சுழற்றினால் அது காற்றைக் குடைந்துகொண்டு மேலே ஏறும் என்று நம்பினார். அடியில் உள்ள வட்ட மேடையில் ஆட்கள் நின்று தண்டைத் தள்ளிச் சுற்றுவார்கள் என்றே பல புத்தகங்கள் விளக்குகின்றன.

எங்கள் பகுதி நூலகத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டியபோது, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மேலே போன பிறகு எதன்மேல் காலை ஊன்றித் தள்ளுவார்கள்?"

சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தரையில் நிற்கும்வரை காலுக்குப் பிடிமானம் உண்டு. அந்தரத்தில் தண்டை ஒரு பக்கம் தள்ளினால், மேடை எதிர்ப்பக்கம் சுழலும். பெரும்பாலான ஹெலிகாப்டர்களின் வாலில் சிறிய விசிறி ஒன்று இருப்பது இந்தச் சுழற்சியைத் தடுக்கத்தான். அந்தச் சிறுமியிடம் முதலிலேயே "கண்டுபிடித்துவிட்டார்" என்று சொல்லியிருந்தால், அவள் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள்.

அதே பக்கத்தில் லியனார்டோ இன்னொன்றும் சொல்கிறார். பிள்ளைகளுக்கான புத்தகங்களில் இது கண்ணில் படுவதே அரிது. அகலமான, மெல்லிய ஸ்கேல் ஒன்றை எடுத்துக் காற்றில் வேகமாக வீசிப் பாருங்கள், அதன் விளிம்பு போகும் வழியிலேயே உங்கள் கை இழுபடும் என்கிறார். அட்டையில் ஒரு சிறிய மாதிரி செய்து, மெல்லிய எஃகுக் கம்பியை நன்றாக முறுக்கிவிட்டால் திருகு சுழலும் என்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? கையில் ஸ்கேல் இருந்தால் போதும்.

இறக்கை அடிக்கும் பொறிகளுக்கும் இப்படித்தான் வழி சொன்னார். பறவையைவிட வௌவாலையே மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று குறித்துவைத்தார். முழுப் பொறியையும் செய்யும் முன் ஒற்றை இறக்கையைச் சோதிக்கச் சொன்னார். அதை 200 பவுண்டு எடையுள்ள பலகையில் பொருத்தி, நெம்புகோலால் சட்டென்று கீழே அடித்து, பலகை எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைய இத்தாலிய பவுண்டில் அது ஏறத்தாழ ஓர் ஆளின் எடை. எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு வேறொன்று. பொறியை ஏரியின் மேல் சோதிக்க வேண்டும். விழுந்தால் மூழ்காமலிருக்க, காற்று நிரப்பிய நீண்ட தோல்பையை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். விழக்கூடும் என்று தெரிந்தே திட்டமிட்ட மனிதர் அவர்.

பொறி பறந்திருக்காது. பறவையின் நெஞ்சுத் தசை அதன் எடைக்கு மிகப் பெரியது. நம் தசைக்கு அந்த வலு கிடையாது. 1680இல் வெளிவந்த தன் நூலில் இத்தாலிய அறிவியலாளர் போரெல்லி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். மனிதர் தன் தசைவலுவால் இறக்கையடித்துத் தொடர்ந்து பறந்தது 2010இல், கனடாவில். கார்பன் இழையால் ஆன பெரிய இறக்கைகளோடு, காரால் இழுத்து மேலேற்றிய பிறகு, 19.3 விநாடி.

ஆனால் லியனார்டோவும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1505இல், 50 வயதைத் தாண்டிய பிறகு, பறவைகள் பறப்பதைப் பற்றித் தனியாக ஒரு சிறு குறிப்பேடு எழுதினார். அது இப்போது டூரின் நகரில் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி ஃபுளோரன்ஸுக்கு அருகிலுள்ள ஃபியசோலே ஊரை நோக்கிச் சென்ற ஒரு வேட்டைப்பறவையைக் கண்டதாக, நாளும் இடமும் போட்டு எழுதிவைத்திருக்கிறார். இறக்கையை அதிகம் அடிக்காத பருந்து, காற்றோட்டத்தைத் தேடிப் போய் அதன் மேல் உயர்வதைக் கவனிக்கிறார். கட்டைவிரல்போல இறக்கையில் துருத்தும் சிறு பகுதியின் வேலையையும், வால் திரும்பும் விதத்தையும் கவனிக்கிறார். பறப்பவருக்கு இடுப்புக்கு மேல் உடல் கட்டின்றி இருக்க வேண்டும், படகில் இருப்பவர்போல உடலைச் சாய்த்துச் சமநிலை காக்க வேண்டும் என்கிறார். தசைவலுவை நம்பியவர் காற்றின் பக்கம் திரும்புகிறார். அவருடைய பறக்கும் ஆசையில் மிகப் பெரிய நிகழ்வு இந்தத் திருப்பம்தான் என்பேன்.

ஃபுளோரன்ஸுக்கு அருகே செச்சேரி மலையிலிருந்து "பெரிய பறவை", அதாவது அவருடைய பறக்கும் பொறி, முதல்முறை பறக்கும் என்றும் அதே குறிப்பேட்டில் எழுதினார். உதவியாளர் ஒருவர் அங்கிருந்து பறந்து காலை முறித்துக்கொண்டார் என்ற கதைக்கு அன்றைய சான்று எதுவும் கிடையாது. பிள்ளைகளிடம் அதை நடந்த சம்பவமாகச் சொல்லக் கூடாது.

இன்றைய விமானம் அவரிடமிருந்து வந்தது என்பதும் சரியல்ல. 1519இல் அவர் இறந்தபின் காகிதங்கள் சீடர் மெல்சியிடம் இருந்தன, பிறகு சிதறிப்போயின. டூரின் குறிப்பேடு அச்சேறியது 1893இல். உயர்த்தும் விசையையும் முன்னே தள்ளும் விசையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கேலி அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியவர். அவருக்கும் நம் புத்தகங்களில் இடம் கொடுக்கலாமே.

"சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு விவரம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டைனோசர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஏரியும் தோல்பையும் புரியாதா? நன்றாகவே புரியும். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். "ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். "பறக்கும் பொறியை ஏரியின் மேல் சோதிக்க வேண்டும் என்று லியனார்டோ ஏன் எழுதினார்?" என்று கேளுங்கள்.