செங்கலைத் தின்பது உப்புதான்

செங்கல் மண்ணோடு மண்ணாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நன்றாக வெந்த கல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மொகஞ்சதாரோவில் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் சுட்ட கற்கள் இன்னும் சுவராகவே நிற்கின்றன. ஹரப்பாவின் பழங்கற்களை 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுத்து லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கே போட்டார்கள். சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சூடேறிவிட்டால் களிமண் அடியோடு மாறிவிடும், பிறகு தண்ணீரில் கரையாது.

சரி, அப்புறம் எதுதான் அதை அழிக்கிறது? உப்பு. நிலத்தடி ஈரம் சுவரில் ஏறும்போது உப்பும் கூடவே ஏறுகிறது. வெயிலில் ஈரம் காய்ந்ததும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் படிகமாகி, உள்ளிருந்தே நெருக்கி உடைக்கிறது. மண்ணுக்குள் இருந்தவரை பத்திரமாக இருந்த மொகஞ்சதாரோ சுவர்கள், 1920களில் தோண்டி வெளியே எடுத்த பிறகு இப்படித்தான் உதிர ஆரம்பித்தன. நினைத்தாலே மனசு கனக்கிறது.

கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் சுவரடியைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி கொட்டும். உடனே அதன்மேல் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும், அங்கேயும் பொரியும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. ஈரத்தை வெளியே விடும். பூச்சு உதிர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம், கல் தப்பிக்கும்.