கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு திமிங்கல டாக்டர்

என் அக்கா மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். முடித்ததும் கடல் பாலூட்டிகள் பக்கம் போகப் போகிறாளாம். திமிங்கலம், டால்பின், கடல் பசு இதுகளை மீட்பது, வைத்தியம் பார்ப்பது, செத்தால் ஏன் செத்தது என்று ஆராய்வது. பாலக்கோட்டில் ஒரு காதுகுத்தில் இந்தப் பேச்சு கிளம்பியது, அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் சும்மா இல்லை. "தருமபுரியில ஏது கண்ணு கடலு? பென்னாகரம் மாட்டாஸ்பத்திரியில போஸ்டிங் வாங்கினமா, சொந்த ஊர்ல இருந்தமான்னு இல்லாம..." என்று ஒரு பெரியப்பா இழுத்தார். கேலி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். எனக்கு இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது, கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் பசுவைக் காப்பாற்றுவதற்கான ஆய்வை இந்தியாவில் முன்னின்று நடத்தும் நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? டேராடூனில். இந்திய வனஉயிரின நிறுவனம், இமயமலை அடிவாரத்தில். நமக்காவது பஸ் பிடித்தால் சில மணி நேரத்தில் புதுச்சேரிக் கடற்கரை வந்துவிடும், அவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் பாக் விரிகுடாவில் கடல்புல் எங்கே வளர்கிறது, கடல் பசு எங்கே மேய்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அந்த விரிகுடாவில்தான் 2022ல் தமிழ்நாடு அரசு 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவது. ஆக, கடல் பக்கத்தில் பிறந்தால்தான் இந்த வேலை என்பது பேச்சுக்குக்கூட நிற்காது.

சரி, வேலை என்ன? நம்மில் பலர் நினைப்பது, கரை ஒதுங்கிய திமிங்கலத்தைப் பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்துக் கடலில் தள்ளிவிட்டால் முடிந்தது என்று. வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு மூட்டு போய்விடும். தோலுக்கடியில் கனமான கொழுப்பு, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்த மாதிரி உடம்பு உள்ளேயே வெந்துபோகும். அதனால் நிழல் கட்டுவார்கள், ஈரத்துணி போடுவார்கள், ஆனால் தலை உச்சியில் இருக்கும் மூச்சுத் துளையை மட்டும் மூடக்கூடாது, தண்ணீரும் அதில் இறங்கக்கூடாது. பக்கத் துடுப்புக்கு அடியில் மணலைத் தோண்டிக் குழி விடுவார்கள், இல்லையென்றால் சொந்த எடையே அதை நசுக்கும். பக்கத்தில் ஒருவர் நோட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதிக்கொண்டே இருப்பார். அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விடலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுப்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான். நேரம் கடந்துவிட்டால் நசுங்கிய தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், நீந்திப் போன விலங்குகூட அப்புறம் சாகும்.

"மயக்க ஊசி போட்டு நிதானமாப் பாக்கலாமே?" என்று கேட்டேன். "மாமா, நாம தூங்கினாலும் மூச்சு தானா நடக்கும். டால்பின் ஒவ்வொரு மூச்சையும் அதுவா நெனச்சு விடணும். அளவு தெரியாம மயக்கினா மூச்சே நின்னுடும்" என்றாள். எனக்கு உடனே யானைதான் ஞாபகம் வந்தது. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் சுற்றிய மக்னாவை, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானையை, ஊசி போட்டுப் பிடித்து ஆனைமலைக்குக் கொண்டுபோனார்களே. மயங்கும் யானை நெஞ்சு தரையில் அழுந்தப் படுத்துவிட்டால் மூச்சு முட்டிவிடும், டாக்டர் பயப்படுவது அதற்குத்தான். பெரிய உடம்பைக் கையாளுகிற பயம் என்னவென்று தெரிந்துகொள்ள நம் மாவட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? அங்கேயும் டாக்டர் மட்டுமா நின்றார்? கும்கி, பாகன், தடம் பார்த்துச் சொல்லும் வேட்டைத் தடுப்புக் காவலர், லாரி டிரைவர், செல்போனோடு மேலே விழும் கூட்டத்தை விரட்டும் போலீஸ். பேப்பரில் பெயர் வருவது இரண்டு பேருக்கு.

கடலிலும் அதே கதை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது முதலில் தண்ணீரில் இறங்கியது ஊர் மீனவர்கள். படகில் கட்டி உள்ளே கொண்டுபோய் விட்டார்கள், பல திரும்பித் திரும்பிக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி அது. 45 செத்தன. 1973லும் இதே மணப்பாட்டில் கூட்டமாக ஒதுங்கியிருக்கின்றன. வலையில் சிக்கிய கடல் பசுவை வலையை அறுத்து விடுவதும் மீனவர்தான், அது அவருடைய வலை, அவருடைய காசு.

மீட்பையும் ஆராய்ச்சியையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் 1975ல் தொடங்கிய கடல் பாலூட்டி மையம் இருக்கிறது. பழைய ஏவுகணைத் தளத்தில் ஆரம்பித்தது, இன்று உலகத்திலேயே பெரிய கடல் பாலூட்டி மருத்துவமனை. தாயை இழந்த யானைச் சீல் குட்டிகளுக்கு மீனைக் கூழாக அரைத்துக் குழாய் வழியே ஊட்டுவது பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1998 கோடையில் அந்தக் கரையில் கடல் சிங்கங்கள் தலையை ஆட்டிக்கொண்டு வலிப்பு வந்து விழ ஆரம்பித்தன, 400க்கு மேல் செத்தன. பிரான்சிஸ் கல்லண்ட் போன்ற அந்த மையத்து மருத்துவர்கள் ரத்தம், சிறுநீர், மூளை என்று மாதிரி எடுத்தார்கள். அதே நேரத்தில் மான்டரே விரிகுடாத் தண்ணீரில் நுண்பாசி பார்க்கும் ஆட்கள் ஒரு பாசி திடீரென்று பெருகியிருப்பதைக் கவனித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. பாசி உண்டாக்கும் டோமாயிக் அமிலம் என்ற நஞ்சு, பாசியைத் தின்ற நெத்திலி, நெத்திலியைத் தின்ற கடல் சிங்கம். 1987ல் கனடாவில் சிப்பி சாப்பிட்ட மனிதர்கள் ஞாபகம் தப்பிப்போய், சிலர் செத்தும் போனது இதே நஞ்சால்தான். டாக்டர் தனியாக இருந்திருந்தால் வலிப்பு என்று எழுதி முடித்திருப்பார், பாசிக்காரர் தனியாக இருந்திருந்தால் கடல் சிங்கத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

2023 மார்ச்சில் நம்ம மாரண்டஅள்ளிப் பக்கம் மூன்று யானைகள் செத்துக் கிடந்தபோது காரணம் மின்கம்பியாகக் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. கடலில் சாகிற விலங்குக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் கிடக்காது. அறுத்துத்தான் பார்க்கணும், அதுவும் அழுகுவதற்கு முன்னால். இங்கே பெரும்பாலும் நடப்பது என்ன? தகவல் போகும், வனத்துறை வரும், நேற்று வரை மாட்டுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து ஊர் டாக்டர் அந்த நாற்றத்தில் நின்று கையில் இருக்கும் கருவியை வைத்து முடிந்ததைச் செய்வார், ஜேசிபி குழி தோண்டும், முடிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, கும்பிடுகிறேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று 2021லேயே மத்திய அரசு வழிகாட்டி நெறிமுறை கொடுத்துவிட்டது. நெறிமுறை மணலில் இறங்கி மாதிரி எடுக்காதே.

தஞ்சாவூர் மாவட்டம் மனோராவில் கடல் பசு பாதுகாப்பு மையம் கட்டுவதாக அரசு அறிவித்திருக்கிறது, நல்லது, சந்தோஷம். கட்டடத்துக்கு முன்னால் ஆளைப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் இது. தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று இந்த வேலைக்கென்றே நிரந்தரக் குழு வேண்டும். இரண்டு டாக்டர், நோய்க்கூறு பார்க்க ஒருவர், கடல் தண்ணீர் தெரிந்த ஒருவர், கரன்ட் போனாலும் நிற்காத ஒரு ஃப்ரீசர். அதில் மீனவர்களுக்கு மாதச் சம்பளத்தோடு இடம் வேண்டும், சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடக் கூடாது. நம் ஊர் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்படி ஒரு வேலைக்கு எப்போதாவது விளம்பரம் வந்தால் தயவுசெய்து என்னை டேக் பண்ணுங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம் நிச்சயம் போகும், பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.