21 வயதுக்கு ஒரு வாரம் முன்

'சிங்கப்பூரில் வேலை செய்பவர் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம்' என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எத்தனை வயதுப் பிள்ளை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிபெண்டன்ட் பாஸ், அதாவது குடும்பத்தினர் கூடத் தங்குவதற்கான அனுமதி, 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்குத்தான். அதற்கும் பெற்றோர் எம்பிளாய்மெண்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில், மாதம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் வழியாக பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) விண்ணப்பிக்கவும் அதே 21தான். பிஆர் வாங்குவது பையன் என்றால் தேசிய சேவையும் (ராணுவம், காவல் போன்ற கட்டாயப் பணி) கூடவே வரும், அதை முன்னாடியே வீட்டில் பேசிவிடுங்கள்.

எங்கள் மாடியில் ஒரு பெண், பல்கலைக்கழக மாணவி. பிறந்தநாள் கேக் ஆர்டர் கொடுத்தாயிற்று, அம்மாவோ மேசை முழுக்க மாணவர் அனுமதிக்கான காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். 21 ஆனபின் படிப்பைத் தொடர அந்த அட்டை வேண்டுமே!

படிப்பு முடிந்தால்? சொந்த வேலை, சொந்த பாஸ். அப்பா இங்கே இருபது வருஷம் உழைத்தார் என்பதற்கு அந்த விண்ணப்பத்தில் கட்டமே கிடையாது. உடற்குறையுள்ள, மணமாகாத பிள்ளைக்கு மட்டும் 21க்குப் பிறகும் நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். கட்டுரையாளர் இதையாவது சொல்லியிருக்கலாம்.

ஊரில் 19, 20 வயதில் பிள்ளை இருக்கிறதா? அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.