என் வண்டி ஏன் அடுத்த தெருவில் நிற்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் சாந்தி வீட்டில், அதாவது அறுபது எழுபது வயதில் செய்கிற கல்யாண விசேஷத்தில், நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பங்காளிகள் குரூப்பில் என் பழைய வண்டியைக் கேலி செய்து போட்ட படத்தைப் பார்த்த நாலைந்து பேர் கூப்பிட்டு, "விடு, சின்ன விஷயம்" என்றார்கள். படத்தைப் போட்டவரும் "சும்மா தமாஷுக்கு" என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டார். சரி. தமாஷ் என்றால் எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மூன்று நாளாகியும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

யார் பெயரையும் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் வண்டி 2003ஆம் வருஷத்து மாருதி 800. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கியது. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் தப்பாக நினைக்கிறார்கள். வேறு வாங்க முடியாமல் நான் இதை ஓட்டவில்லை. இதுதான் வேண்டும் என்று ஓட்டுகிறேன்.

விசேஷத்தை டிரோன் கேமராவில் படம் எடுக்க வந்த பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஆச்சி, இதை மட்டும் அடுத்த தெருவுக்கு மாத்திருங்க, முகப்பு எடுக்கும்போது விழுது" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவனுக்கு அவன் வேலை. நான் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். முகப்பு முன்னால் ஏழெட்டு பெரிய வண்டிகள் நின்றன. அதில் ஒன்றைக்கூட மாற்றச் சொல்லவில்லை. என் வண்டி மட்டும் படத்துக்கு ஆகாததாகிவிட்டது. மாற்றிவிட்டு வெயிலில் நடந்து வந்தேன். நான் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் யாரோ அந்தத் தெருவுக்கே போய்ப் படம் எடுத்து, "மியூசியம் வந்துருச்சு" என்று குரூப்பில் போட்டிருக்கிறார்கள்.

எந்த வீட்டு வாசலில் இது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நூறு வருஷம் தாண்டிய வீடு. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர். நாட்டு ஓடு மாற்றவும் மரத்துக்கு எண்ணெய் பூசவும் எத்தனை லட்சம் செலவழித்தோம் என்று அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமைதான். நான் பிறந்த வளவு அது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தூக்குச்சட்டிக்கும் மரப்பெட்டிக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து பேரம் பேசுகிறார்கள். பழைய வீடு கௌரவம், பழைய கதவு கௌரவம், பழைய தூக்குச்சட்டிகூட கௌரவம். ஒரு வண்டியை இருபது வருஷத்துக்கு மேல் நன்றாக வைத்திருந்தால் அது மட்டும் எப்படிக் கேவலமாகும்?

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் கடைகளுக்கும் புதுவயலில் இரண்டு மூன்று அரிசி ஆலைகளுக்கும் கணக்கு எழுதுகிறவள். கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது.

போன நிதியாண்டில் இந்த வண்டிக்கு ஆன செலவு முழுக்க என் நோட்டில் இருக்கிறது. பேட்டரி 3,900 ரூபாய். இரண்டு டயர் 5,600. ஆயில், பில்டர், பிளக் எல்லாம் சேர்த்து 4,200. பிரேக் வேலையும் கிளட்ச் கேபிளும் 3,150. டிரைவர் சீட்டுக்குக் கீழே தரையில் துரு பிடித்த இடத்தை வெட்டி வெல்டிங் வைத்தது 4,500. இன்சூரன்ஸ், 1,000 சிசிக்குள் இருக்கிற காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,471. கூட்டினால் 23,821. மாதத்துக்கு இரண்டாயிரம்கூட இல்லை. பெட்ரோல் தனி, அது எந்த வண்டிக்கும் உண்டு.

அடுத்து, "நீயும் ஒண்ணு எடுத்துக்கோ" என்று எல்லாரும் சொல்கிற வண்டி. ஷோரூம் விலை 13 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பத்திலிருந்து இருபது லட்சம் வரைக்கும் ஆயுள் வரி 18 சதவீதம். அதுவே 2,34,000 ரூபாய். 2003ல் அப்பச்சி இந்த முழு வண்டியையும் கிட்டத்தட்ட அந்தப் பணத்துக்குத்தான் வாங்கினார். அன்றைய ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு என்பது தெரியும், இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. பத்து லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை 16,000க்கு மேல். வட்டி மட்டும் மூன்றரை லட்சம் போகும். ஏழு வருஷம் கழித்து அந்த வண்டியை விற்றால் என்ன வரும் என்று வாங்கினவர்களையே கேளுங்கள். என் வண்டி இனிமேல் இறங்குவதற்கு விலையே இல்லை. இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கி முடிந்துவிட்டது.

ஐந்தொகை, அதாவது சொத்து எவ்வளவு கடன் எவ்வளவு என்கிற கணக்கு, எழுதிப் பார்க்காமல் எதையும் வாங்காதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கல்யாணச் சீர் சாமான்களைப் பட்டியல் போடுகிற சாமான் சிட்டையில் கரண்டிகூட விடாமல் எழுதி வைத்த சனம் நாம். அந்தக் கணக்கு தெரிந்துதான் இந்த முடிவை எடுத்தேன். முடியாமல் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், முடியாமல் இல்லை. தவணைக்குப் போயிருக்க வேண்டிய பணம் மகளின் காலேஜ் பீஸாகப் போனது. அவள் படிப்புக்குப் பத்து ரூபாய் கடன் இல்லை. அதை எந்த டிரோனும் மேலிருந்து படம் எடுக்காது.

"சரி, ரிப்பேர்?" என்பார்கள். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில், நின்றது 2014 ஜனவரியில். முப்பது வருஷம் ஓடிய வண்டி. மாருதி ஆம்னி வேனும் இதே 796 சிசி எஞ்சினில்தான் 2019 வரைக்கும் வந்தது. அதனால் சாமான் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. காரைக்குடியில் என் மெக்கானிக் பாய் இருபது வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கிறார். நான் ஷெட்டுக்குள் ஓட்டி வரும்போதே, "ஆச்சி, பின்னால இடது பேரிங் முனகுது" என்பார். புது வண்டிகளில் ஒரு விளக்கு எரிந்தால் லேப்டாப்பைச் சொருகிப் பார்க்க வேண்டும், அதற்குத் தனி பில். எனக்கு அவர் கழற்றிய சாமானைக் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மாற்றுவார். அந்த நம்பிக்கைக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்குத் தாங்குகிற சாமான் போட்டுச் செய்கிறார்கள். என்னுடையது அப்படி இல்லை. பழைய ரப்பர் குழாய் ஊறிப்போகும் என்று பாய் போன வருஷமே மாற்றிவிட்டார். மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்க 2018ல் 600 ரூபாய் கட்டினேன், 2023ல் 5,000. 2025ல் இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள், 2028ல் அதைக் கட்ட வேண்டும். கட்டுவேன். ஐந்து வருஷத்துக்குப் பத்தாயிரம் என்பது பெரிய வண்டியின் ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு.

"புகை? சுற்றுச்சூழல்?" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. இன்றைய பி.எஸ். 6 புகை விதிப்படி செய்த வண்டியைவிட என் வண்டி கிலோமீட்டருக்கு அதிகமாகத்தான் புகை விடும், மறுக்கவில்லை. நான் மாதம் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். புகைச் சான்றிதழ் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஒரு புது வண்டி செய்ய எவ்வளவு இரும்பு உருக்க வேண்டும், எவ்வளவு கரி எரிக்க வேண்டும்? நாலு வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர் என்னிடம் சுற்றுச்சூழலைப் பேசினால் நான் ஏன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

பாதுகாப்பு என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. மெல்லிய தகடு. அதனால் அறுபதுக்கு மேல் போவதில்லை, ராத்திரியில் பைபாஸ் ஏறுவதில்லை. வாரா வாரம் சென்னைக்கு ஓட்டுகிறவர்கள் இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் என் உயிரைப் பற்றிக் கவலைப்படவில்லை. படத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

பணத்தை விடுங்கள். இந்த வண்டியில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்கிறேன்.

காலை ஆறரைக்குத் தேவகோட்டையிலிருந்து கிளம்பி, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கிவிட்டு, காரைக்குடி ரோட்டில் ஐம்பதில் போகிற சுகம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மழை பெய்த மறுநாள் என்றால் செம்மண் வாசனை அப்படியே உள்ளே வரும். பவர் ஸ்டியரிங் இல்லாததால் ரோட்டில் இருக்கிற சின்னப் பள்ளம்கூடக் கைக்குத் தெரியும். மூன்று சிலிண்டர் எஞ்சின் எந்த கியரில் என்ன சத்தம் போடும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் சந்துக்குள் நுழைந்து, ஒரே வெட்டில் திருப்பி வெளியே வந்துவிடுவேன். பெரிய வண்டிக்காரர்கள் ஊருணிக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். சந்தையில் யாராவது சைக்கிளை என் வண்டியில் இடித்துவிட்டால், "பரவாயில்லப்பா, போ" என்று சொல்ல முடிகிறது. கீறல் விழுந்தால் பதறாத மனசு இருக்கிறதே, அதை எந்த ஷோரூமிலும் விற்கிறார்களா?

அப்பச்சி இந்த வண்டியை எடுத்த நாள் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் வைத்திருந்தது ஒரு பழைய அம்பாசிடர். ஒன்பது பேர் அடைந்துகொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போவோம். அதை விற்றுவிட்டு இந்தச் சின்ன வண்டியோடு வந்தவர், நேராக வீட்டுக்கு வராமல் பிள்ளையார்பட்டியிலேயே ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இதில்தான். கிளட்சை நான் படக்கென்று விட்டால் திட்டவே மாட்டார், "அவசரம் இல்லத்தா" என்பார். அவர் கைபட்டு கியர் குமிழ் ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. பாய் எத்தனையோ தடவை புதுசு போடட்டுமா என்று கேட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எழுத எழுத எனக்கே தெரிகிறது, இது வண்டியைப் பற்றியது மட்டும் இல்லை. அப்பச்சி போன பிறகு எங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அவர் இருந்தபோது இதே வண்டி இதே முகப்பு முன்னால்தான் நின்றது. யாரும் மாற்றச் சொன்னதில்லை.

இன்னொன்று இருக்கிறது. சொல்லக் கூடாது என்றிருந்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பெரியாத்தாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. அண்ணன் அப்போது வெளிநாட்டில் இருந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ராத்திரியில் பைபாஸ் ஏறாத நான் அன்றைக்கு ஏறினேன். பின்சீட்டில் அவரைச் சாய்த்து, என் வீட்டுக்காரர் மடியில் தலையை வைத்துக்கொள்ள, மதுரைக்கு இந்த வண்டியில்தான் போனோம். 90 கிலோமீட்டர் சொச்சம். வழியில் ஒருமுறைகூட வண்டி மக்கர் செய்யவில்லை. அண்ணன் போனில், "நல்லவேளை உன் வண்டி இருந்துச்சு" என்றார். அவருக்கு அது மறந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பெரியாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, என்னை உன் வண்டில வீட்டுல விட்டுரு. அவன் வண்டில ஏற முடியலை, முட்டி வலிக்குது" என்றார். அது உண்மைதான். அந்த உயரத்துக்கு அவரை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. என் வண்டியில் சீட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். "வண்டி எங்கத்தா நிக்குது?" என்று கேட்டார்.

அடுத்த தெருவில் நிற்கிறது என்றேன். ஏன் என்று கேட்டார். இடம் இல்லை என்று பொய் சொன்னேன். எடுத்து வரலாம் என்று போனால் டிரோன் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, "இன்னும் பத்து நிமிஷம் ஆச்சி" என்றான் அந்தப் பையன். நான் திரும்பி வருவதற்குள் பெரியாத்தாவை அந்த உயர வண்டியில் தூக்கி ஏற்றிவிட்டார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவர் என்னைத் தேடிப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படத்தை குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வருகிற புதன்கிழமை பெரியாத்தாவுக்குக் காரைக்குடியில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னார். ஒன்பது மணிக்கு வருகிறேன். முகப்பு முன்னால்தான் நிறுத்துவேன்.