மைக்கை விட அறைதான் முக்கியம்
வீட்டிலேயே ஒருவரின் பேச்சைப் பதிவு செய்ய, நல்ல மைக் வாங்கினால் பாதி வேலை முடிந்தது என்று சொல்வதுண்டு. இல்லை, முதலில் அறையைப் பாருங்கள். எதிரொலியை அடக்க மெத்தை, திரைச்சீலை உள்ள படுக்கையறை போதும். ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிடுங்கள் (வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்காது!). மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று அடிக்கும். பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் (அதில் பூஜ்யம்தான் எல்லை) உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். சொல்பவர் சிரித்தாலோ உடைந்து அழுதாலோ சத்தம் சட்டென்று ஏறும்; எல்லையைத் தாண்டினால் பிசிறடிக்கும். பிசிறடித்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. பேச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்காமல் அறையின் அமைதியையும் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் அதைப் போடாவிட்டால் ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரிந்துவிடும்.