பாட்டில் ஒண்ணு 24 பைசா

(மதுரை செல்லூரில் ஒரு பழைய சாமான் கடை. வாசலில் குட்டியானை எனும் சின்னச் சரக்கு வண்டி வந்து நிற்கிறது. பின்னால் ஏழு சாக்கு, அதன் மேல் ஒரு கட்டைப்பை. கடைக்கார மாரியக்கா அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருக்கிறார். சோணைமுத்து இறங்கும்போதே கையில் கால்குலேட்டர்.)

சோணைமுத்து: யக்கா, எடைமிசினத் தொடச்சு வைங்க. சரக்கு பெருசு.

மாரியக்கா: வா தம்பி. பாண்டி கோயில்ல மகளுக்குக் காதுகுத்துன்னு பத்திரிகை வச்சியே, நல்லபடியா முடிஞ்சுச்சா?

சோணைமுத்து: முடிஞ்சுச்சு. 600 எலை. எலைக்கு ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டில். ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டேன்ல. வீட்லயே நிறுத்துப் பாத்தாச்சு, 29 கிலோ.

மாரியக்கா: வீட்ல ஏது தராசு?

சோணைமுத்து: ஒடம்பு எடை பாக்குற மிசின்தான். சாக்கக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஏறி நின்னேன். பெறகு என் எடையக் கழிச்சேன்.

மாரியக்கா: கறிச்சோறு திங்கிறதுக்கு முந்தி இருந்த எடையவா, தின்ன பெறகு உள்ள எடையவா?

சோணைமுத்து: யக்கா, ஏவாரத்துல கிண்டல் வேணாம்.

மாரியக்கா: சரி, பய எங்க? எப்பவும் ஒத்தாசைக்குக் கூட வருவானே.

சோணைமுத்து: லீவு நாளுல்ல. சுத்தியல் எங்கப்பான்னு கேட்டான், எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். எதையாச்சும் தட்டிக்கிட்டுக் கெடக்கட்டும், செல்லப் பாக்காம இருந்தாச் சரி.

மாரியக்கா: (சாக்கை அவிழ்த்து ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டுகிறார்) இது என்ன சத்தம்?

சோணைமுத்து: பாட்டில் சத்தம்.

மாரியக்கா: தண்ணிச் சத்தம். ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு மூடி வச்சிட்டுப் போயிருக்காய்ங்க. ஒன் 29 கிலோவுல 21 கிலோ இதுதான். கிலோ 20 ரூபான்னு தண்ணிய வாங்குனா நான் வைகையவே வாங்கிப்புடலாம்.

சோணைமுத்து: வைகையில தண்ணி இருந்தாத்தான வாங்குவீங்க.

மாரியக்கா: வாய் இருக்கு, கையும் இருக்குல்ல. உக்காரு. மூடியத் திற, தண்ணிய அந்த அண்டாவுல கவுத்து. மூடி மஞ்சக் கூடைக்கு. பாட்டிலப் படுக்கப் போட்டுக் குதிகாலால ஒரு மிதி. கழுத்துல நிக்கிற வளையத்த விட்டுரு, அத பாட்டில உருக்குற மில்லுல பாத்துக்கிருவாய்ங்க.

சோணைமுத்து: 600க்குமா?

மாரியக்கா: இல்ல, 300க்குப் பண்ணு. மீதி 300 அதுவாத் திறந்துக்கிரும்.

(சோணைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். திறப்பு, கவிழ்ப்பு, மிதி.)

சோணைமுத்து: மூடியோட வாங்குனா என்னக்கா, குடியா முழுகிப் போயிரும்?

மாரியக்கா: மூடி இருந்தா காத்து உள்ளயே நிக்கும். பிரஸ்ல வச்சு அமுக்குனாலும் மறுபடி எந்திரிக்கும், கட்டுக் கம்பிய அத்துக்கிரும். லாரி நெறையக் காத்த ஏத்திக்கிட்டுப் போறதுக்கு டீசல் யாரு போடுறது? அப்பறம், மூடி வேற ஐட்டம்.

சோணைமுத்து: ரெண்டும் பிளாஸ்டிக்தான?

மாரியக்கா: ஆடும் மாடும் நாலு காலுதான். இந்தா பாரு. (கத்தரியால் ஒரு பாட்டிலை நறுக்கி, ஒரு துண்டையும் ஒரு மூடியையும் வாளித் தண்ணீரில் போடுகிறார். துண்டு சாய்ந்து சாய்ந்து அடிக்குப் போகிறது. மூடி மேலேயே சுற்றுகிறது.)

சோணைமுத்து: அட! பாட்டில் மெதக்கத்தானக்கா செய்யும்? செல்லூர்க் கம்மாயில அம்புட்டும் மெதக்குதே.

மாரியக்கா: அது உள்ள இருக்கிற காத்து மெதக்குது. பாட்டில் செய்யிற பிளாஸ்டிக்குக்குப் பேரு பெட், அது தண்ணியவிட கனம். தண்ணி ஒரு கிலோன்னா அதே அளவு பெட் 1.38 கிலோ. மூடி தண்ணியவிட லேசு. மில்லுலயும் இதே வாளி வித்தைதான், தொட்டி மட்டும் பெருசு. நறுக்கி உள்ள தள்ளுவாய்ங்க, அடியில நிக்கிறது பாட்டில், மேல நிக்கிறது மூடி.

சோணைமுத்து: அப்ப மில்லுலயே பிரிச்சுக்கிறட்டுமே, நான் எதுக்கு?

மாரியக்கா: கூடவே முங்குற கழிசடை ஒண்ணு இருக்குல்ல. சில ஜூஸ் பாட்டில்ல ஒடம்பு முழுக்க சட்டை மாட்டுன மாதிரி ஒரு கவர் ஒட்டிக் கெடக்கும் பாரு. அதுல சிலது பி.வி.சி. அதுவும் கனம், பெட்டோட சேந்து முங்கிரும். உருக்குறப்ப அதுலருந்து ஆசிட் கெளம்பி, பெட் மஞ்சளாப் போகும், கருப்புப் பொட்டு விழும். அதான் அந்தச் சட்டைய இங்கயே கிழிச்சிருவோம். வெறும் பசை போட்டு ஒட்டுன தாளுன்னா கவலை இல்ல, சுடுதண்ணியில காஸ்டிக் சோடா போட்டு அலசுனா விட்டுரும்.

சோணைமுத்து: (ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் தட்டுகிறார்) யக்கா, இதுல எலும்பு இருக்கு.

மாரியக்கா: நல்லி எலும்பா?

சோணைமுத்து: நல்லிதான்... உறிஞ்சிட்டு உள்ள போட்டுருக்கான். இது என்ன, செவப்பா?

மாரியக்கா: வெத்தலை எச்சி. ஒங்க பெரியப்பா வகையறாவா இருக்கும். அது ஏற ஏற சாயம் போகாது. வெள்ளைப் பாட்டில்தான் வெலை, அதுலதான் மறுபடி பாட்டில், நல்ல நூலுன்னு வேண்டியதச் செய்யலாம். பச்சைப் பாட்டில்ல பச்சையும் கருப்பும்தான் வரும், அதான் ரேட்டு கம்மி. இதுல பாதி தலகாணிப் பஞ்சாப் போகும். திருப்பூர்ப் பக்கம் பனியன் துணியாவும் போகும்.

சோணைமுத்து: (தன் டிஷர்ட்டை முகர்ந்து பார்க்கிறார்) அதான் வெயில்ல வெந்து சாகுறனா?

(ஒன்றேகால் மணி நேரம் கழித்து. அண்டா நிறைந்து தரையெல்லாம் ஈரம். சோணைமுத்துவின் கட்டைவிரல் சிவந்திருக்கிறது.)

மாரியக்கா: ஏத்து. 7 கிலோ 200. ஒனக்காக எச்சிப் பாட்டிலையும் சேத்துத்தான் போட்டுருக்கேன். 144 ரூபா. மூடி 700 கிராம், அதுக்கு ஒரு 14. மொத்தம் 158.

சோணைமுத்து: யக்கா, குட்டியானை வாடகை 400!

மாரியக்கா: அத எங்கிட்ட ஏன் சொல்ற? ஒரு பாட்டில் 12 கிராம். 12 கிராமுக்கு 24 பைசா. நான் வச்ச கணக்கா இது, தராசு வச்ச கணக்கு.

சோணைமுத்து: 24 பைசாவா? போன மாசம் கொடைக்கானல் போனோம்க்கா. செக்போஸ்ட்ல வண்டிய மறிச்சு, 5 லிட்டருக்குக் கீழ உள்ள பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா ஒண்ணுக்கு 20 ரூபா பசுமை வரின்னு கறந்துட்டாய்ங்க. அதே பாட்டில்! மலைக்குக் கொண்டு போனா நான் 20 ரூபா குடுக்கணும், செல்லூருக்குக் கொண்டாந்தா நீங்க 24 பைசா குடுப்பீங்களா?

மாரியக்கா: அங்க பாட்டிலுக்கு வெலை இல்லடா, அதத் தூக்கி எறியிற ஒன் கைக்குப் போட்ட வெலை. திருப்பிக் கொண்டா, காசத் தர்றேன்னு ஒருத்தன் வாக்குக் குடுத்தாத்தான் பாட்டிலுக்கு மவுசு. எங்கிட்ட அந்த வாக்கு கெடையாது, எடை மட்டும்தான்.

சோணைமுத்து: (முகம் மலர்ந்து கட்டைப்பையைத் திறக்கிறார்) அப்படி வாக்குக் குடுத்த பாட்டிலும் வச்சிருக்கேன். மச்சான்மார் ராத்திரி காலி பண்ணது, 31. சரக்குக் கடை பாட்டில். ஒண்ணுக்கு 10 ரூபா, 310!

மாரியக்கா: அது கடையில குடுக்கணும், இங்க இல்ல. ஸ்டிக்கர் எங்க?

சோணைமுத்து: எந்த ஸ்டிக்கர்?

மாரியக்கா: சரியாப் போச்சு. 2022-ல ஹைகோர்ட் சொல்லி நீலகிரியில மொதல்ல ஆரம்பிச்சாய்ங்க. காட்டுல பாட்டில ஒடச்சுப் போட்டு, யானை காலுல எல்லாம் கண்ணாடி ஏறிச்சு. அதுலருந்து விக்கிறப்ப 10 ரூபா கூட வாங்கி, காலிப் பாட்டிலக் குடுத்தாத் திருப்பித் தர்றது. பெறகு மத்த மாவட்டத்துக்கும் பையப் பைய வந்துச்சு. 10 ரூபா கட்டுன பாட்டில்னு தெரியத்தான் ஸ்டிக்கர். அது இல்லாட்டி, குடுக்காத காசத் திருப்பிக் கேக்குற மாதிரி.

சோணைமுத்து: பார்ரா, யானைக்காகக் கோர்ட்டு எறங்குது. 400 ரூபா தண்டம் கட்டி குட்டியானையில வந்தவனக் கேக்க நாதியில்ல.

மாரியக்கா: அந்தக் கடைக்காரய்ங்க பாட்டையும் பாரு. விக்கிறதுக்கே எடமில்லாத கடையில காலிப் பாட்டில் மலையா நிக்கும். எண்ணி வாங்கணும், ஸ்டிக்கர் ஒட்டணும், காசு குடுக்கணும். ஆள் பத்தாதுன்னு கூப்பாடு போட்டாய்ங்க. திட்டம் போடுறவன் மொதல்ல சாக்கு வைக்க எடம் பாக்கணும். பையில வேற என்ன?

சோணைமுத்து: மாம்பழ ஜூஸ் டப்பா. அட்டைதானக்கா?

மாரியக்கா: அட்டை, பிளாஸ்டிக், அலுமினியத் தாளு, மூணும் ஆறு அடுக்கா ஒட்டுனது. முக்காவாசி அட்டைதான். ஆனா பேப்பர் மில்லுல தண்ணியில போட்டு அடிச்சாத்தான் அது பிரியும், அதுக்கு லோடு கணக்குல சேரணும். ஒன் பதினோரு டப்பா எனக்கு எதுக்கு? அந்தா, அது மினுங்குதே, அதக் குடு.

சோணைமுத்து: டின்னா? காலே அரைக்கா கிலோ கூட வராதுக்கா.

மாரியக்கா: வந்த வரைக்கும் தங்கம். பாட்டிலு மாதிரி நாலஞ்சு மடங்கு தருவேன். அலுமினியத்த மண்ணுலருந்து புதுசா எடுக்க ஆகுற செலவுக்கு, பழச உருக்க நூத்துக்கு அஞ்சு பங்கு கரண்டு போதும். (ஒவ்வொரு டின்னாகக் குலுக்கிப் பார்க்கிறார்)

சோணைமுத்து: எதுக்குக் குலுக்குறீங்க?

மாரியக்கா: உள்ள மணலப் போட்டு நசுக்கிக் கொண்டாருவாய்ங்க. நீ அம்புட்டுத் தூரம் யோசிக்க மாட்ட, இருந்தாலும் பழக்க தோசம். இது என்ன, கலர் சோடாப் பாட்டில் ரெண்டு? வாய் ஒடஞ்சிருக்கே.

சோணைமுத்து: ஓப்பனர் இல்லன்னு என் பங்காளி சொவத்து முக்குல வச்சுத் தட்டுனான்.

மாரியக்கா: கெடுத்தான். 1916-ல விருதுநகர்ல காளிமார்க் சோடாக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து ரொம்பக் காலம் நம்ம பக்கம் கலர்னா கண்ணாடிப் பாட்டில்தான், குடிச்சிட்டுக் கடையிலயே வச்சிட்டுப் போகணும். திரும்பப் போற பாட்டில காஸ்டிக் போட்டுக் கழுவி, வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாய்ங்க. அந்தத் தகர மூடிக்கு 21 பல்லு. வாயில நெல்லளவு செதறிப் போயிருந்தாப் பல்லு கவ்வாது, கேஸ் எறங்கிரும். பாட்டில் அதோட சரி. இதாவது பரவாயில்ல, சில வீட்டுல மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிட்டுக் கொண்டாந்து குடுப்பாய்ங்க. எத்தனை கழுவுனாலும் வாடை போகாது.

சோணைமுத்து: கோலி சோடாவுக்கு அந்தத் தொல்லை இல்லையோ?

மாரியக்கா: அதான் அதோட கெட்டிக்காரத்தனம்! காட்னு ஒரு இங்கிலீஷ்காரன் 1870 வாக்குல கண்டுபுடிச்சது. தலைகீழாக் கவுத்துத்தான் கேஸ் ஏத்துவாய்ங்க. கோலி உருண்டு வந்து வாயில இருக்கிற ரப்பர் வாசர்ல ஒக்காரும், கேஸு உள்ளருந்து தள்ளிப் புடிச்சுக்கிரும். மூடியும் வேணாம், ஓப்பனரும் வேணாம். கேஸ் போச்சுன்னா அத மூட ஒலகத்துல வழியில்ல. வீட்டுல எண்ணெய் ஊத்தி வைக்க முடியுமா? முடியாது. அதனால ஒழுங்கா சோடாக்காரர்கிட்டயே திரும்பிப் போயிரும். ரப்பர் காஞ்சா மட்டும் மாத்தணும்.

சோணைமுத்து: நாங்களும் கறிச்சோத்துக்கு மேல கோலி சோடாதான் குடுத்தோம். ஒரு கிரேட், 24 பாட்டில். முன்பணம் 1,500 வாங்கிட்டாருக்கா! கொள்ளை! 200 மில்லி சோடாவுக்கு இம்புட்டு முன்பணமான்னு சண்டை போட்டேன்.

மாரியக்கா: அவரு அனுபவஸ்தர். முன்னாடியெல்லாம் பாதிப் பாட்டில் திரும்பி வராது. அந்தக் கோலிய முழுசா வெளிய எடுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. சின்னப் பயலுகளுக்கு அது தெரியும்.

சோணைமுத்து: என்ன வழி?

மாரியக்கா: கழுத்துல ஒரு தட்டு. கிரேட்டத் திருப்பிக் குடுத்தாச்சுல்ல?

சோணைமுத்து: நாளைக்குத்தான் வர்றேன்னாரு. வீட்டு வராண்டாவுல... (நிறுத்துகிறார். சட்டைப்பையைத் தடவுகிறார். போனை எடுக்கிறார்.) டேய் பாண்டி! சுத்தியலக் கீழ வைடா! கீழ வையின்னேன்ல! ...எத்தனை? பதினேழா? டேய், கோலி பதினேழு இருக்கா, பாட்டில் பதினேழு இருக்கா?

மாரியக்கா: ஒடஞ்ச கண்ணாடி கிலோ ஒரு ரூபா தம்பி. சாக்குல கொண்டாராத, கிழிச்சிரும். தகர டப்பாவுல போட்டுக் கொண்டா.